வாசகர் கேள்வி – பதில்: ரயிலில் ஏறிய பூதம்

கேள்வி: ரயிலுக்குள் பூதமொன்று பயணிகளைக் கொல்வதும், இறந்தவர்களின் கண்கள் வெள்ளையாகிவிடுவதுமாகச் சிறுவயதில் பார்த்த ஆங்கிலப் படமொன்று நினைவில் நிற்கிறது. அது எந்தப் படம்? இன்றும் பார்க்கத் தகுந்ததா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: 1972ஆம் ஆண்டின் ‘ஹொரர் எக்ஸ்பிரஸ்’ என்ற அந்தப் படம், ஆங்கிலம் பேசினாலும், ஸ்பெயினும் பிரித்தானியாவும் கூட்டாகத் தயாரித்து மட்ரிட்டில் எடுக்கப்பட்டது. மஞ்சூரியக் குகையொன்றில் பனியில் உறைந்து கிடந்த ஆதி உயிரினத்தின் உடலை, 1906இல், பேராசிரியர் சாக்ஸ்டன் (கிறிஸ்தோபர் லீ) மரப்பெட்டியில் அடைத்து, சீனாவிலிருந்து மொஸ்கோ செல்லும் சைபீரிய ரயிலில் ஏற்றுகிறார். புறப்படுமுன்பே, அந்தப் பெட்டியைத் திறக்க முயன்ற பூட்டுத் திறப்பதில் கைதேர்ந்த திருடன் ஒருவன் நிலையத்தில் கண் வெளுத்து இறந்து கிடக்கிறான். ரயில் ஓடத் தொடங்கியதும் பெட்டிக்குள்ளிருந்து ரோமம் அடர்ந்த கையொன்று வெளியே நீண்டு, வளைந்த ஆணியால் பூட்டை நிதானமாகத் திறக்கிறது. திருடனின் உயிரோடு அவனுடைய தொழிலையும் அது எடுத்துக்கொண்டது என்பதை ஒரு வசனமும் இன்றிச் சொல்லிவிடும் அந்தக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். பின்னர் டொக்டர் வெல்ஸ் (பீட்டர் குஷிங்) இறந்தவரின் மண்டையோட்டை அறுத்துப் பார்க்கும்போது, மூளை மடிப்புகளின்றி வழவழப்பாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், குரங்கு வேடத்தில் அலையும் பூதம் இன்று பெரிதாக அச்சுறுத்தாது. அதைச் சுட்டு வீழ்த்திய பின்னர், அது விசாரணை அதிகாரியின் உடலுக்குள் புகுந்து, மற்றவர்களோடு சேர்ந்து தன்னையே தேடத் தொடங்கும்போதுதான் படம் சூடுபிடிக்கிறது. யாழ்தேவியைப் போலப் பளையிலும் கொடிகாமத்திலும் நின்று செல்லும் ரயிலாயிருந்தால் பாதிப் பேர் இறங்கித் தப்பியிருப்பார்கள். சைபீரியப் பனிவெளியில் அதற்கு வழியில்லை. ரஷ்யக் குதிரைப்படையினரான கொசாக்குகளின் தளபதியாக ரெலி சவாலாஸ் பிற்பகுதியில் வந்து, சிறிது நேரமே நின்றாலும், மற்ற எல்லோரையும் மறக்கச் செய்கிறார்.

கேள்வி: பூதத்தின் கண்ணிலிருந்து எடுத்த திரவத்தில், அது பார்த்த காட்சிகள் நுணுக்குக்காட்டியில் தெரிவதாக அதே படத்தில் வருகிறதே, இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா? (வாசகி, கொக்குவில்)

பதில்: ஓரளவு உண்டு. விழித்திரையில் உள்ள ரொடொப்சின் என்ற நிறப்பொருள் ஒளிபட்டால் வெளுக்கும். இதைப் பயன்படுத்தி, ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் உடலியலாளர் வில்ஹெல்ம் கியூனே, இருளில் வைத்திருந்த முயலைச் சில நிமிடங்கள் யன்னலை நோக்க வைத்து, உடனே கொன்று, விழித்திரையைப் படிகாரக் கரைசலில் இட்டபோது, யன்னலின் கம்பிகள் அதில் பதிந்திருந்தன. 1880இல் மரணதண்டனை பெற்ற மனிதனொருவனின் கண்ணிலும் அவர் தேடினார். தெளிவற்ற ஓர் உருவமே கிடைத்தது. கொலையுண்டவரின் கண்ணில் கொலையாளியின் முகம் நிற்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவலாக இருந்ததால், 1906இல் நடக்கும் கதைக்கு அது பொருந்துகிறது. ஆனால் படம் பதிவது விழித்திரையில்; கண்ணின் திரவத்தில் டைனோசர்களும், விண்ணிலிருந்து பார்த்த பூமியும் தெரிவதெல்லாம் கதாசிரியர்களின் துணிச்சல்.

கேள்வி: லீயும் குஷிங்கும் நிஜத்திலும் பகைவர்களா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: நெருங்கிய நண்பர்கள். 1971இல் மனைவியை இழந்த துயரில், மட்ரிட் வந்து இறங்கியதும் நடிக்க இயலாது என்றிருந்த குஷிங்கை, பழைய கதைகள் பேசித் தேற்றி நடிக்க வைத்தவர் லீதான். உங்கள் இருவரில் ஒருவரே பூதமாக இருந்தால் என்ன செய்வது என்று அதிகாரி கேட்க, நாங்கள் பிரித்தானியர் அல்லவா என்று குஷிங் திகைப்போடு பதிலளிக்கும் இடத்தில், அந்தத் துயரத்தின் சாயல் சிறிதும் தெரியாது.