ஐந்து உதைக்கு மேல் உதைக்காதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள்

பழைய கிக்கர் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்று சிங்கப்பூரின் பல பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கேட்டவர்களில் பலர் வேர்க்க வேர்க்க இருபது முப்பது தடவை உதைத்த பிறகுதான் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து உதைக்குப் பற்றவில்லை என்றால் நிறுத்திவிட்டு, எஞ்சினுக்குள் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியைத் தேட வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. எந்தப் பக்கம் போவது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (ஈசூன்): அண்ணே, என் ஹோண்டா சி70 எட்டு மாதமாக புளோக் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றது. இப்போது சோக் போட்டால் பற்றுகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது.

பதில்: பைலட் ஜெட் (கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது, தம்பி. எட்டு மாதம் நின்ற பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரிப் படிந்துவிடும். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனர் அடித்து ஊற வையுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். அப்புறம் வால்வு இடைவெளியையும் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ.

கேள்வி (பிடோக்): பழைய வெஸ்பா, பாயிண்ட் (பொறி விழ மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) வைத்த மாடல். காலையில் முதல் உதையிலேயே எடுக்கும். கோப்பிக் கடையில் பத்து நிமிடம் நிறுத்தினால் போச்சு, ஆறும்வரை எடுக்காது.

பதில்: நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அடுத்த தடவை நின்றவுடனே, சூட்டோடு பிளக்கைக் கழற்றுங்கள் (துணி வைத்துப் பிடியுங்கள்). பெட்ரோலில் நனைந்திருந்தால், வண்டி நின்ற நேரத்தில் மிதவை ஊசி (கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) தேய்ந்த இடம் வழியாகப் பெட்ரோல் கசிந்து உள்ளே நிறைந்திருக்கிறது. பெட்ரோல் டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி ஐந்தாறு தடவை உதையுங்கள், பற்றிக்கொள்ளும். இனி கோப்பிக் கடைக்கு நூறு மீட்டர் முன்பே டேப்பை மூடிப் பழகுங்கள்.

பிளக் நனையாமல் இருந்தாலோ, புது பிளக் போட்டும் எடுக்காவிட்டாலோ, கண்டன்சரைச் (பாயிண்ட் கருகாமல் காத்து, பொறிக்குப் பலம் தரும் சின்ன மின் பாகம்) சந்தேகப்படுங்கள். பிளக்கை அதன் மூடியில் செருகி, உலோக உடலை எஞ்சின் ஹெட்டில் ஒட்டி வைத்து நிழலில் உதைத்துப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் பொறியைத் துளைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். நல்ல பொறி நீலமாக, 'டிக்' என்று சத்தத்தோடு விழும். கண்டன்சர் சாகிற வண்டியில் ஆரஞ்சு நிறத்தில், நூல் மாதிரி மெலிந்து வரும். சூடு ஏறினால் அதுவும் நின்றுவிடும். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் அது இன்னொரு சாட்சி. கண்டன்சரை மாற்றுங்கள், பாயிண்ட்டைத் தேய்த்து 0.4 மி.மீ. இடைவெளி வையுங்கள். இதே கோளாறுக்கு ஒரு பட்டறையில் என் வண்டியின் கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்தார்கள். கடைசியில் அது கண்டன்சர்தான். அன்று முதல் பொறியைப் பார்க்காமல் நான் கார்புரேட்டரைத் தொடுவதில்லை.

கேள்வி (உட்லண்ட்ஸ்): 95 போடுகிறேன். 98 போட்டால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகுமா?

பதில்: ஆகாது. 95, 98 என்கிற ஆக்டேன் எண், எஞ்சினில் தட்டல் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் சத்தம்) வராமல் காப்பதற்குத்தான். பழைய இரும்பு எஞ்சின் புல்லட் மாதிரி வண்டிகளின் கம்ப்ரஷன் (எஞ்சின் கலவையை அழுத்தும் அளவு) குறைவுதான், 95 தாராளம். அந்தப் பணத்துக்குப் புது பிளக் வாங்குங்கள்.

கேள்வி (ஜூரோங்): புல்லட் 350. உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கிறது, கணுக்கால் வீங்கிவிட்டது.

பதில்: முதலில் கால் ஆறட்டும். அப்புறம் பலத்தால் உதைப்பதை விட்டுவிடுங்கள். சாவியைப் போட்டு, கிக்கரை இறுகும்வரை மெதுவாக அழுத்துங்கள். டிகம்ப்ரசரை (எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். டிகம்ப்ரசரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது கடைசிவரை ஒரே வீச்சில் உதையுங்கள். பாதியில் நிறுத்திய உதைதான் திருப்பி அடிக்கும். இப்படிச் செய்தும் அடித்தால் டைமிங் முந்தி நிற்கிறது, அதாவது பொறி சீக்கிரமே விழுகிறது. பொறி விழும் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (தோ பாயோ): ஓடும்போது பத்து நிமிடத்தில் அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்து எடுக்கிறது.

பதில்: அணைந்தவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும்.

கேள்வி (அங் மோ கியோ): ஐயா, அப்பா விட்டுச் சென்ற பி.எஸ்.ஏ. 350. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. கிக்கரை அழுத்தவே முடியவில்லை. எனக்கு உயரமும் குறைவு.

பதில்: அம்மா, உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நெடுநாள் நின்றதால் கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும், தனி ஆயில் டேங்கில் இருந்த ஆயிலும் அடியில் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும். முதலில் அடியில் இறங்கிய ஆயிலை வடித்துவிட்டு, ஆயில் டேங்கில் புது ஆயில் ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையாலேயே கிக்கரை மெதுவாக இறக்குங்கள், எஞ்சின் சுற்றுகிறதா என்று தெரியும். சுற்றினால், கிளட்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை கிக்கரை அழுத்தித் தட்டுகளைப் பிரியுங்கள். சுற்றவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். கைப்பிடியில் இக்னிஷன் லீவர் இருந்தால், உதைக்கும் முன் அதைப் பொறி தாமதமாக விழும் பக்கம் தள்ளி வையுங்கள். கால் பத்திரமாக இருக்கும். கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்ததை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.