ஒட்டுக்குடித்தனம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஜோஹானஸ்பர்க்கில் மென்பொருள் வேலை, பாக்ஸ்பர்க் பக்கம் வீடு. வந்து மூன்று வருடம் ஆகிறது. போன ஏப்ரல் 10 அன்று கடைக்குப் போகும்போது பஸ் பஸ்ஸாகச் சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்து இறங்குவதைப் பார்த்தேன். கொலையுண்ட தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியின் நினைவு நாள் என்றார்கள். கொடியில் அரிவாளும் சுத்தியலும். திருப்பூரில் நிற்கிற மாதிரியே இருந்தது. என் தாத்தா பனியன் கம்பெனித் தொழிலாளி, சங்கத்துக்காரர். மே தினத்துக்கு என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போவார்.

மறுநாள் அலுவலகத்தில் ஒருவரிடம் இந்தக் கட்சிக்கு எத்தனை எம்.பி. என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். 1994இல் எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகு அவர்கள் பாராளுமன்றத் தேர்தலில் தனியாக நின்றதே இல்லையாம். நம் ஊரில் கூட்டணியில் இரண்டு இரண்டு சீட்டு வாங்கினாலும் சொந்தச் சின்னத்தில் நிற்கிறார்கள். திருப்பூருக்கு இப்போதும் கதிர் அரிவாள் எம்.பி.தான். இத்தனை தியாகம் செய்த கட்சிக்கு இங்கே வாக்குச்சீட்டில் இடமே இல்லையா? சோவியத் யூனியன் விழுந்ததோடு இவர்கள் கதையும் முடிந்துவிட்டது என்கிறார் என் நண்பர். அப்படித்தானா? நம் ஆட்களும் அதில் இருந்தார்கள் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதையும் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

மு., பாக்ஸ்பர்க்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை எங்கள் தெருத் தாத்தா ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். வயது 89. மேகஸின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்த லைன் வீடுகள் அவை. அறுபதுகளில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஐம்பதுகளில் சம்பள நாளில் ஆலை வாசலில் நின்று 'நியூ ஏஜ்' பத்திரிகை விற்ற பையன் அவர். அது கம்யூனிஸ்ட்டுகள் நடத்திய பத்திரிகை என்பது அவருக்கு அப்போது தெரியாது. "காங்கிரஸ் பேப்பர்னு நெனச்சேன். கட்சின்னு ஒண்ணு இருந்ததே யாரும் சொல்லலையே" என்றார். (இந்தக் கடிதத்தில் வெறுமனே காங்கிரஸ் என்றால் மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ், அதாவது ஏ.என்.சி.) உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் நண்பரின் கணக்கு. சோவியத் விழுந்ததால் இந்தக் கட்சி விழவில்லை. மாஸ்கோவில் கொடி இறங்கியது 1991 டிசம்பரில். அதே மாதம்தான் இங்கே கிறிஸ் ஹானி கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். மண்டேலாவுக்கு அடுத்தபடி கறுப்பு இளைஞர்கள் கொண்டாடிய தலைவர் அவர். இத்தாலியில் 1976 தேர்தலில் 34 சதவீத வாக்கு வாங்கிய கம்யூனிஸ்ட் கட்சி அந்த 1991இல்தான் தன்னைக் கலைத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்கக் கட்சியோ அப்போது புது உறுப்பினர்களுக்கு அட்டை கொடுத்து முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. 1950இல் தடை வந்தபோது சுமார் 2,000 பேர் இருந்த கட்சி. இன்று உறுப்பினர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டதாகக் கட்சியே சொல்கிறது. ஆள் பெருகப் பெருக வலு குறைந்த கட்சி இது. விநோதம் அங்கேதான்.

தொடக்கமும் விநோதம்தான். 1921இல் கேப் டவுனில் கட்சி பிறந்தது. அடுத்த வருடமே ஜோஹானஸ்பர்க் பக்கம் ரேண்ட் தங்கச் சுரங்கங்களில் வெள்ளைத் தொழிலாளர்களின் கிளர்ச்சி. உலகத் தொழிலாளர்களே, வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காக ஒன்றுபட்டுப் போராடுங்கள் என்று பதாகை பிடித்த கூட்டம் அது. அந்தக் கூட்டத்தோடு கம்யூனிஸ்ட்டுகளும் நின்றார்கள். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் ஆறே வருடத்தில் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். இவ்வளவு சீக்கிரம் தன்னைத் திருத்திக்கொண்ட கட்சிகள் அதிகம் இல்லை. அப்புறம் மாஸ்கோ சொன்னபடி ஆடி, முப்பதுகளின் தொடக்கத்தில் நல்ல நல்ல ஆட்களையெல்லாம் வெளியே தள்ளினார்கள் என்பது வேறு கதை.

நம் ஆட்கள் உள்ளே வந்தது முப்பதுகளில். டர்பன் ஆலைகளில் வேலை பார்த்த எச்.ஏ. நாயுடு, ஜார்ஜ் பொன்னன் என்ற இரண்டு நண்பர்கள். (நாயுடு என்றதும் தமிழரா தெலுங்கரா என்று கேட்டு எழுதிவிடாதீர்கள். இங்கே அந்தக் கேள்விக்கு அந்தந்த வீட்டாரே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.) 1937இல் ஃபால்கர்க் இரும்பாலையில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாம் இப்படியே போகவில்லை. 1942இல் டன்லப் ஆலையில் இந்தியர்கள் வெளியே நின்றபோது கம்பெனி அவர்கள் இடத்தில் ஆப்பிரிக்கர்களை எடுத்துக்கொண்டது. அந்தக் கசப்பு டர்பனில் ரொம்ப நாள் இருந்தது.

ஏன் அந்தக் கட்சி? மார்க்ஸைப் படித்துவிட்டா போனார்கள்? அன்று ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸில் இந்தியர் சேர முடியாது. நேட்டால் இந்தியக் காங்கிரஸ், பெயரிலேயே இருக்கிறது, இந்தியருக்கு. ஒரு ஜூலு சுமைகூலியும் ஒரு தமிழ்த் துணியாலைத் தொழிலாளியும் ஒரு யூத வக்கீலும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே தேநீரைக் குடிக்க நாட்டில் இருந்த ஒரே அரசியல் கட்சி இதுதான். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தன் உறுப்பினர் கதவை எல்லோருக்கும் திறந்தது 1969இல். அதுவும் வெளிநாட்டில் இருந்தபோது. அதன் தேசியச் செயற்குழுவில் மற்ற இனத்தார் உட்கார 1985 வரை ஆனது. ஆக, கம்யூனிஸ்ட்டுகள் வளர்ந்ததற்குக் கொள்கையைவிட அந்த அறைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

1950இல் கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் அமலுக்கு வருமுன்பே கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டது. 1953இல் ரகசியமாக மீண்டும் கூடினார்கள். ஆனால் அப்படி ஒரு கட்சி இருப்பதையே 1960 வரை வெளியில் சொல்லவில்லை. ஏழு வருடம்! தாத்தா பத்திரிகை விற்றது அந்த ஏழு வருடத்தில்தான். கட்சி காங்கிரஸின் வீட்டுக்குள் ஒட்டுக்குடித்தனம் போனதும் அப்போதுதான். ஆயுதப் போராட்டம் கம்யூனிஸ்ட்டுகள் பாதி தோள் கொடுத்து எழுப்பியது. அதன் பெயர் காங்கிரஸோடு சேர்ந்தது. டர்பனில் 'நியூ ஏஜ்' பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு, கரும்புத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய எம்.பி. நாயக்கர் நாடு கடந்து லண்டன் போனார். அங்கே பல வருடம் அவர் நடத்தியது காங்கிரஸின் 'செச்சாபா' இதழை. ஊர்க்காரர் பில்லி நாயர் ராபன் தீவுச் சிறையில் இருபது வருடம் கிடந்தார். இவர்களையெல்லாம் இங்கே காங்கிரஸ் வீரர்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், வெகுநாள்.

இதில் உச்சம் மண்டேலா. 1962இல் கைதானபோது அவர் கட்சியின் மத்தியக் குழுவில் இருந்தார். அதைக் கட்சி வெளிப்படையாகச் சொன்னது 2013 டிசம்பரில், அவர் இறந்த பிறகு. ஐம்பது வருடத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்தார்கள். போலீசுக்குப் பயந்து மறைத்ததைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அது உயிர்ப் பிரச்சினை. 1990 பிப்ரவரியில் தடை நீங்கிய பிறகும் தனி அடுப்பு மூட்டவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

1994 ஏப்ரலில் முதல் தேர்தல். வாக்குச்சீட்டில் 19 கட்சிகள். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக அரிவாளைத் தேடியிருக்கிறார். "இல்லியே. அங்க இருந்த பொண்ணு சொல்லிச்சு, தாத்தா, அவங்க எல்லாம் ஏ.என்.சி. உள்ள இருக்காங்கன்னு." அவர் மண்டேலா படத்துக்கு நேரே போட்டுவிட்டு வந்தார். சாட்ஸ்வொர்த்தில் பெரும்பாலோர் எங்கே போட்டார்கள் தெரியுமா? நிறவெறி ஆட்சி நடத்திய நேஷனல் கட்சிக்கு. தங்களை மேகஸின் பேரக்ஸிலிருந்து துரத்திய அதே கட்சிக்கு. கறுப்பர் ஆட்சி வந்தால் நம் வேலையும் வீடும் என்ன ஆகும் என்ற பயம். நாற்பதுகளில் இதே மக்களை ஆலை ஆலையாக அமைப்பில் சேர்த்த ஒரு கட்சி தன் பெயரில் வாசல் வாசலாக வந்திருந்தால் அந்தப் பயத்தோடு பேசியிருக்கலாம். வந்தது ஏ.என்.சி. கொடி மட்டும்தான்.

இனி வெல்லா பிள்ளையைப் பற்றி. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. 1923இல் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தவர். மனைவி வெள்ளைக்காரர். 1949இல் கலப்பு மணத் தடைச் சட்டம் வந்தது. அப்புறம் இந்த நாட்டில் இருவரும் ஒரு வீட்டில் இருக்க முடியாது. லண்டனிலேயே வாழ்ந்தார்கள். பகலில் சீன வங்கியின் லண்டன் கிளையில் வேலை. மற்ற நேரமெல்லாம் கட்சியும் நிறவெறி எதிர்ப்பு இயக்கமும். சீனாவும் ரஷ்யாவும் முட்டிக்கொண்டபோது, சீனா பக்கம் சாய்கிற ஆள் என்று சொந்தத் தோழர்களே அவரை ஓரம் கட்டினார்கள். வயதான காலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புது நாட்டுக்குப் பொருளாதாரத் திட்டம் வரையும் பெரிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தார்கள். 1993 டிசம்பரில் அறிக்கை வந்தது. அரசு முன்நின்று வீடு, மின்சாரம், மருத்துவம், கல்வியில் முதலீடு செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி அரசுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். வந்த வேகத்தில் அறிக்கை பரணுக்குப் போய்விட்டது.

1996இல் வந்ததோ 'கியர்' என்ற திட்டம். பற்றாக்குறையைக் குறை, செலவைச் சுருக்கு, அரசு நிறுவனங்களை விற்க வழி பார். யார் ஆட்சியில்? துணை ஜனாதிபதி தாபோ ம்பெக்கி 1990 வரை கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவில் இருந்தவர். 1999இல் பொதுத்துறை நிறுவனங்களின் அமைச்சராகி விற்பனைப் பொறுப்பை ஏற்ற ஜெஃப் ராடெபே கட்சிக்காரர். கட்சி மாநாட்டில் தனியார்மயத்தைக் கண்டித்துத் தீர்மானம் போடுவார்கள். மறுநாள் கட்சித் தோழரே அமைச்சராகக் கையெழுத்துப் போடுவார். வீட்டுக்காரர் சமைப்பது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டில் சாப்பிடுவது எவ்வளவு நாள் ஓடும்?

முப்பது வருடம் ஓடியது. நடுவில், ஜனாதிபதியாகிவிட்ட ம்பெக்கியைத் தள்ள, பின்னால் ஜனாதிபதியான ஜேக்கப் ஜூமாவைத் தூக்கிப் பிடித்தார்கள். பிறகு அதே ஜூமாவைப் பதவி விலகச் சொன்னார்கள். என்னைப் பொறுத்தவரை அடிமட்டம் 2012 ஆகஸ்ட் 16. மரிக்கானாவில் வேலைநிறுத்தம் செய்த 34 சுரங்கத் தொழிலாளரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தொழிலாளி கட்சி அன்று யாரைச் சாடியது? சுட்ட அரசைவிட, தங்கள் ஆதரவுச் சங்கத்துக்குப் போட்டியாக வந்த சங்கத்தைத்தான். அந்த வாரத்தில் சிவப்பு நிறம் கைமாறியது. அடுத்த வருடம், காங்கிரஸ் வெளியேற்றிய இளைஞர் அணித் தலைவர் ஜூலியஸ் மலேமா சிவப்புத் தொப்பியோடு புதுக் கட்சி தொடங்கினார். பாக்ஸ்பர்க் தெருவில் சிவப்பைப் பார்த்தால் அது யாருடையது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தனியாக நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்களா? இதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். 2017இல் மெட்சிமாஹோலோ நகராட்சியில் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் நின்று மூன்று இடம் பிடித்தார்கள். மோசமில்லை. 2019இல் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவோடு ஒரு புதிய சோஷலிஸ்ட் கட்சி நாடு முழுவதும் நின்றது. அந்தச் சங்கத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். கட்சிக்குக் கிடைத்த வாக்கு 25,000கூட இல்லை. சங்கத்தில் சந்தா கட்டுகிறவர் வாக்குச்சாவடியில் வேறு ஆளாகிவிடுகிறார். திருப்பூர்க்காரரான உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்போது நடப்பது இன்னும் வேடிக்கை. 2024இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 40 சதவீதத்துக்கு இறங்கி, அதுவரை முக்கிய எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சியோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. இது துரோகம் என்றது கம்யூனிஸ்ட் கட்சி. அதன் தலைவர் பிளேட் இன்சிமாண்டேயோ அதே அமைச்சரவையில் அறிவியல் துறையை எடுத்துக்கொண்டார். டிசம்பரில் சிறப்பு மாநாடு கூட்டி, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தனியாக நிற்பது என்று முடிவெடுத்தார்கள். இரண்டு கட்சி அட்டையும் வைத்திருப்பவர்கள் யாருக்கு வேலை செய்வீர்கள் என்று காங்கிரஸ் கேட்கிறது. நியாயமான கேள்விதான். 1950களிலேயே கேட்டிருக்க வேண்டியது.

நாயுடுவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அவரும் மனைவி பாலின் போட்ப்ரேயும் ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஹங்கேரிக்குப் போனார்கள். தாங்கள் நம்பிய உலகத்தை நேரில் பார்க்கும் ஆசை. புடாபெஸ்ட் வானொலியில் வேலை. பார்த்தது பிடிக்கவில்லை. லண்டனுக்குத் திரும்பிவிட்டார்கள். பாலின் பின்னாளில் இதையெல்லாம் நினைவுக் குறிப்பாக எழுதினார். கிடைத்தால் படியுங்கள்.

டர்பன் பக்கம் வந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போகலாம். பழைய 'நியூ ஏஜ்' இரண்டு மடித்து வைத்திருக்கிறார். எல்லோருக்கும் காட்ட மாட்டார். காது கொஞ்சம் மந்தம். கொங்குத் தமிழை மெதுவாகப் பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா