பாயில் உட்கார்ந்தால் எலும்பு பலப்படுமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பிறவியிலேயே எலும்பு உடையும் நோய். மூன்று தரம் கால் முறிந்துவிட்டது. "மறுகா விழுந்தா என்ன செய்யிற?" என்று அம்மம்மா அவனைப் பாயை விட்டு இறங்க விடுவதில்லை. விளையாட விடலாமா?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் பாய் அவனைக் காப்பாற்றாது, தங்கச்சி. இந்த நோயில் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தில்தான் மரபணுக் குறை. எலும்பின் சட்டகமே அதுதான். உடல் பாரமும் தசையின் இழுப்பும் இல்லாவிட்டால் இருக்கிற எலும்பும் மெலியும். பிளாஸ்டர் கழற்றிய காலைப் பார்த்திருப்பீர்களே, எவ்வளவு சூம்பியிருக்கும்!

என் கைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். கடல் அமைதியான மாதங்களில் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போங்கள். இடுப்பளவு நீரில் நீங்கள் பிடித்திருக்க அவன் நடக்கட்டும். நீர் பாரத்தைத் தாங்கும். வாவி வேண்டாம், முதலை இருக்கிறது! வீட்டில் மேசையைப் பிடித்து நின்று படம் கீறட்டும். குதிப்பதும் உடலை முறுக்குவதும் கூடாது. எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அப்புறம், கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். ஒரு கை பிட்டத்தின் கீழ், மற்றது முதுகுக்குப் பின்னால். அம்மம்மாவுக்கும் இதைப் பழக்குங்கள். நெத்தலியை முள்ளோடு கொடுக்கலாம், கல்சியத்துக்கு நல்லது. ஆனால் அது மட்டும் இந்த நோயை மாற்றாது.