வண்டியை எண்ணினால் போதுமா?

கேள்வி: உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் அனுமதி) வந்த பிறகும் சீசனில் ஊட்டிக்கு மூச்சு முட்டுகிறது. வண்டிகளைத் தடுத்ததில் வியாபாரம்தான் படுத்துவிட்டது என்கிறார் வர்க்கிக் கடை வைத்திருக்கும் என் மாமா. மலை ஊர்களில் குடிநீர்ப் பொறியாளராக இருந்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: இ-பாஸ் வேண்டும் என்றுதான் சொல்வேன், அம்மா. 2024 மே 7-ல் அது தொடங்கியபோது விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எத்தனை வண்டி வருகிறது என்று கணக்கெடுப்பதே அப்போதைய நோக்கம். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வந்தது. அதற்கு முன் ஒரு நாளைக்கு 20,000 வண்டிகள் வரை வருவதாக அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகையே ஒரு லட்சத்துக்குள்தான்!

என் கவலை வேறு. வண்டியை எண்ணுகிறோம், சரி. தங்கும் அறைகளை யார் எண்ணுகிறார்கள்? குடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காட்டேஜ் ஆகின்றன. வீட்டு இணைப்பில் வந்த தண்ணீரே அங்கே பத்துப் பதினைந்து பேருக்கு ஓடுகிறது.

வால்வு திறக்கும் தொழிலாளியோடு விடியற்காலையில் ஒரு நாள் நடந்து பாருங்கள். ஒரு கையில் டார்ச், தோளில் நீளமான இரும்புச் சாவி. ஒரு தெருவுக்குத் திறக்க வேண்டுமானால் இன்னொரு தெருவுக்கு அடைத்தாக வேண்டும். பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து அணைகளிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒரு அளவு உண்டு. மழைக்கு முன், அணை இறங்கிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கூட்டமும் உச்சத்தில் இருக்கிறது. லாட்ஜ்காரர் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்துவிடுவார். மேட்டுத் தெருவில் இருப்பவர்கள் குடத்தோடு காத்திருப்பார்கள். அந்த லாட்ஜில் படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் பெரும்பாலும் அந்தத் தெருக்காரர்கள்தான். இதைப் பல சீசன்களில் பார்த்து மனம் கசந்திருக்கிறேன்.

அப்புறம், உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். கோடப்பமந்து கால்வாய் நகருக்குள் ஓடி ஏரியில் சேர்கிறது; கழிவுநீரும் கூடவே போகிறது. 1820-களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி அது. எத்தனை முறை தூர் வாரினாலும், மேலே கழிவு கலக்கும் இடங்களை அடைக்காமல் அது தெளியாது.

ஆகவே அறைக்கு உரிமம் தரும்போதே இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்: தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும்? பதில் இல்லையென்றால் உரிமமும் இல்லை. தங்குபவர்களிடம் தலைக்கு ஒரு சிறு தொகை வாங்கி, அதைப் பாதாளச் சாக்கடைக்கு மட்டுமே செலவழிக்கலாம். சீசனில் மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று ஏற வழி செய்ய வேண்டும். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: பஸ்ஸில் வருபவர் கடைத்தெருவில் இறங்கி நடப்பார், வர்க்கி வாங்குவார். காரில் வருபவர் நிறுத்த இடம் கிடைக்காமல் கடையைத் தாண்டிப் போய்விடுகிறார். ஆனால் அந்த பஸ்கள் வராதவரை மாமாவின் கோபம் நியாயமானதுதான்.

கேள்வி: மே மாதம் குழந்தைகளோடு ஊட்டி போகலாமா? இ-பாஸ் கிடைக்குமா என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகப் போங்கள். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இ-பாஸே வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலில் குழந்தைகளுக்கு ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே பாதிச் சுற்றுலா. அதற்கு முன்பதிவு மட்டும் சீக்கிரம் செய்துவிடுங்கள். மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்தால் தாவரவியல் பூங்காவில் நின்று பார்க்க இடமிருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.