படையினர் பிடித்தால் கேள்வி கேட்பது யார்?

கடலில் வைத்து மகனைக் கடற்படை பிடித்துவிட்டது. டைனமைட் வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். நேற்றிலிருந்து எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. — ஒரு தாய், மூதூர்

அவசரகாலச் சட்டம் இல்லாத நாட்களில் முகாமில் வைத்து நாள்கணக்கில் விசாரிக்க முடியாது, அம்மா. பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். பிடியாணை இல்லாமல் கைதானவரை, பயண நேரம் போக, பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. இன்றே துறைமுகப் பொலிஸில் கேளுங்கள். "இங்கே இல்லை" என்றால் சும்மா திரும்பாதீர்கள். முறைப்பாட்டைப் பதியவைத்து, அதன் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். அப்படியே மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள்.

தம்பியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துத் தடுப்புக்காவல் உத்தரவு எடுத்திருக்கிறார்கள். அமைச்சர் கையெழுத்திட்டால் எந்த நீதிமன்றமும் கேட்க முடியாதாமே? — கிண்ணியா வாசகர்

1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2022இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுவும் (அதிகாரத்தில் உள்ளவரின் உத்தரவை ரத்துச் செய்யக் கேட்கும் மனு) போடலாம் என்று சட்டமே சொல்கிறது. உத்தரவின் மொத்தக் காலமும் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் நீட்டவும் முடியாது.

உத்தரவின் பிரதி 48 மணித்தியாலத்துக்குள் நீதவானுக்குப் போக வேண்டும், அவர் மாதம் ஒரு தடவையாவது தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டுச் சிலர் நிம்மதியாகி விடுகிறார்கள், அது சரியல்ல. அடித்திருப்பதாகத் தெரிந்தால் நீதவான் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பலாம், ஆனால் உத்தரவை ரத்துச் செய்ய அவரால் முடியாது. எனவே நீதவான் வந்துபோகும்போது தம்பி உடம்பில் உள்ள காயத்தைக் காட்டிச் சொல்லட்டும். உத்தரவை எதிர்க்கும் வேலையை நீங்கள் வெளியே நின்று செய்யுங்கள்.

பலரும் கோட்டை விடுவது நாட்கணக்கில்தான். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் காட்டினால் போதாது என்று நீதிமன்றம் சொன்னதுண்டு. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவிடம் கடிதம் வாங்கி வையுங்கள். முடிந்தால் அதை நம்பியிராமல் மாதத்துக்குள்ளேயே மனுவைப் போட்டுவிடுங்கள். தம்பிக்காக ஒரு சட்டத்தரணியே அதைத் தாக்கல் செய்யலாம்.

ஆட்கொணர்வு மனுவுக்கும் (தடுத்து வைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) கொழும்புக்குத்தான் போக வேண்டுமா? — நிலாவெளி

தேவையில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவருக்காகத் திருகோணமலை மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். ஆளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவது நல்லது. ஒரு மாதக் கெடுவும் இதற்கு இல்லை.

வேகத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். 2009 மேயில் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களைத் தேடிக் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குப் போயின. அவற்றில் சில மனுக்களில் சாதகமான தீர்ப்பு வந்தது 2022 டிசம்பரில். நம்மூரில் "முகாமுக்குள் யாரும் இல்லை" என்ற பதிலை ஆண்டுக்கணக்கில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2015 நவம்பரில் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு வந்தபோது, திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள்ளேயே இரகசியத் தடுப்பறைகளைக் கண்டது. ஆகவே மனுவில் பிடித்த இடம், நேரம், வாகனம், பார்த்தவர் எல்லாம் இருக்கட்டும். பார்த்தவரின் சத்தியக்கடதாசி ஒன்று பத்து மனுவுக்குச் சமம்.

கியூபாவில் உள்ள அமெரிக்கத் தடுப்பு முகாமான குவாண்டனாமோவில் இராணுவமே மீளாய்வு செய்கிறதே, அது போதாதா? — சட்ட மாணவி, உப்புவெளி

போதாது என்றுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2008 ஜூனில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பூமெடியன் என்ற கைதியின் வழக்கில் சொன்னது. 2004இல் அமைத்த இராணுவ மீளாய்வுக் குழுக்களில் அதிகாரிகளே உட்கார்ந்தார்கள். கைதிக்குச் சட்டத்தரணி கிடையாது, இரகசியச் சான்றைப் பார்க்கவும் முடியாது. அது ஆட்கொணர்வுக்கு ஈடாகாது என்பது தீர்ப்பு. பின்னர் 2011இல் வந்த காலமுறை மீளாய்வுக் குழு, ஆள் இன்னும் ஆபத்தானவரா என்று மட்டுமே பார்க்கும். பிடித்தது சட்டப்படியா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை.

பிணை? — இன்னொருவர், கிண்ணியா

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி 12 மாதம் கழிந்தும் வழக்கு விசாரணை தொடங்கவில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கேட்கலாம். இதுவும் 2022 திருத்தத்தில் வந்ததுதான். செலவுக்கு வழியில்லை என்றால் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். போகும்போது கைது பற்றிய துண்டையும் தடுப்புக்காவல் உத்தரவின் பிரதியையும் கையோடு கொண்டுபோங்கள்.