கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்தால்…

வாசகர் கேள்வி – பதில்

டாக்டர்களைப் பதிவு செய்து அவர்கள் நடத்தையை விசாரிக்கும் மாநில மெடிக்கல் கவுன்சில், அங்கே வரும் புகார், விசாரணை ஆகியவை பற்றி மும்பைத் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இங்கே. மருத்துவ வழக்குகளைக் கையாளும் வக்கீல் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

செம்பூரில் சிறிய நர்சிங் ஹோம் நடத்துகிறேன். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை) பித்தப்பையை எடுத்த ஒருவருக்குப் பித்தக் கசிவு ஏற்பட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவர் தேறிவிட்டார். ஆனால் மகாராஷ்டிரா மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. என் பக்கம் தவறில்லை. நேரில் போய் விளக்கினால் போதாதா?

போதாது. இந்தக் கட்டத்தில் கவுன்சிலுக்கு வேண்டியது எழுத்தில் உங்கள் விளக்கம். அதைப் படித்து, புகாரில் முகாந்திரம் இருப்பதாகப் பட்டால்தான் குற்றச்சாட்டு வகுத்து முறையான விசாரணைக்குப் போவார்கள். ஆகவே முதல் பதிலிலேயே வழக்கில் பாதி தீர்ந்துவிடும். பலர் அதை ஒரே இரவில் கோபத்தோடு எழுதி அனுப்பிவிட்டு, பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள்.

நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். புகாரோடு எல்லா இணைப்புகளும் வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் எழுதிக் கேளுங்கள். அவகாசம் போதாதென்றால், கெடு முடிவதற்குள் எழுதிக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கேஸ் பேப்பரை முன்பக்கம், பின்பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து பக்க எண் போடுங்கள். ஒரிஜினலைப் பூட்டி வையுங்கள், அதில் ஒரு எழுத்துகூடப் புதிதாக ஏறக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல் கொடுங்கள்.

அடுத்து, மணிவாரியாக ஒரு காலக்கோடு போடுங்கள். நோயாளி எப்போது வந்தார், ஸ்கேனில் என்ன இருந்தது, ஆபரேஷன் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது, முதல் வயிற்றுவலிப் புகார் எப்போது வந்தது, நாடித்துடிப்பு எப்போது ஏறியது, யார் பார்த்தார், எப்போது வேறிடத்துக்கு அனுப்பினீர்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கேஸ் பேப்பரின் பக்க எண் இருக்க வேண்டும். பக்க எண் இல்லாத வரிகள்தான் உங்கள் பலவீனம். அவை எவை என்பது எதிர்த்தரப்புக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வழக்கில் குறிப்பாக ஒன்று. பித்தக் கசிவு இந்த ஆபரேஷனில் வரக்கூடிய சிக்கல்தான் என்பதைக் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் பார்ப்பது மூன்று இடங்களை. ஆபரேஷன் குறிப்பில் சிஸ்டிக் குழாயையும் (பித்தப்பையிலிருந்து வரும் குழாய்) ரத்தக்குழாயையும் அடையாளம் கண்டபின்தான் கிளிப் போட்டீர்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறதா? சம்மதப் படிவத்தில் பித்தக் கசிவு, வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம் என்ற இரண்டும் இருக்கின்றனவா? வலி சொன்ன நேரத்துக்கும் நீங்கள் செயல்பட்ட நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? சிக்கல் வந்ததற்காக யாரும் தண்டிப்பதில்லை. அது வந்த பிறகும் இரண்டு நாள் வாயு மருந்தும் வலி ஊசியும் போட்டுக் காத்திருந்தால் கேள்வி வரும். ‘பொது மயக்கத்தில் பித்தப்பை அகற்றப்பட்டது’ என்று ஒரே வரியில் முடியும் ஆபரேஷன் குறிப்பு, நன்றாகச் செய்த அறுவையைக்கூடக் காப்பாற்றாது.

பதிலைப் புகாரின் பத்தி எண் வரிசையிலேயே எழுதுங்கள். ‘மறுக்கிறேன்’ என்று மட்டும் எழுதினால் அது பதிலாகாது. ஏன் மறுக்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் ஆதாரம் என்று சேர்த்து எழுதுங்கள். ‘பணம் பறிக்கவே புகார்’ என்ற வாக்கியம் எல்லாப் பதில்களிலும் வருகிறது, ஒருவருக்கும் உதவியதில்லை. பிறகு சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரியைத் தாக்காதீர்கள். அவர்களுடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் ஒரு சொல்தான் பெரும்பாலும் புகாருக்கே விதை. அதைக் கடுமையால் மறுக்க முடியாது, உங்கள் பதிவுகளால்தான் முடியும். பாடநூலிலிருந்தோ சிகிச்சை வழிகாட்டியிலிருந்தோ பொருத்தமான இரண்டு மூன்று பக்கங்கள் இணைத்தால் போதும். நிபுணர் கருத்தை உங்கள் கூட்டாளியிடமோ கல்லூரித் தோழரிடமோ வாங்காதீர்கள். உங்கள் பட்டங்கள், நடப்பிலுள்ள பதிவுப் புதுப்பிப்பு, நர்சிங் ஹோம் பதிவு ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். மகாராஷ்டிராவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, அதற்குத் தொடர் மருத்துவக் கல்வியில் 30 கிரெடிட். அது காலாவதியாகிக் கிடந்தால் புகாரோடு அதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டி வரும்.

விசாரணைக்குப் போனால் வக்கீலோடு ஆஜராகலாம். 2002-ஆம் ஆண்டின் தொழில் நெறி விதிகளே அதற்கு இடம் தருகின்றன. புகாரை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. நடப்பில் அதைத் தாண்டி இழுப்பது சகஜம். 2023 ஆகஸ்டில் வந்த புதிய தொழில் நெறி விதிகளின் பி.டி.எஃப். இன்னும் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அவை அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டன. அதை மேற்கோள் காட்டிப் பதில் எழுதிவிடாதீர்கள்.

இரவு 2 மணிக்கு நோயாளியைப் பார்த்தேன், ஆனால் எழுதவில்லை. அவர் காலையில் இறந்துவிட்டார். இப்போது எழுதிவிடலாம் என்கிறார் எங்கள் சிஸ்டர். (மாட்டுங்கா)

வேண்டவே வேண்டாம். குடும்பத்தாரிடம் ஏற்கெனவே ஒரு ஜெராக்ஸ் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. அலட்சியம் என்று தொடங்கிய புகார், ஆவணத் திருத்தம் என்று மாறிவிடும். கம்ப்யூட்டர் பதிவென்றால் எப்போது யார் திறந்து மாற்றினார் என்பது உள்ளேயே பதிந்திருக்கும்.

உண்மையிலேயே பார்த்தீர்கள் என்றால் அதற்கான தடயங்கள் வேறிடங்களில் இருக்கும். நர்ஸ் சார்ட்டில் மருந்து கொடுத்த நேரம், பார்மசி பில், லேபுக்குப் போன ரத்த மாதிரியின் நேரம், உங்களை அழைத்த போன் அழைப்புப் பட்டியல், வார்டு சி.சி.டி.வி. கடைசியாகச் சொன்னதுதான் முதலில் அழியும். பல கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும், இன்றே எடுத்து வையுங்கள். விடுபட்டதைச் சொல்லியே தீர வேண்டுமென்றால், இன்றைய தேதி, நேரம் போட்டு, ‘பின்னர் எழுதிய குறிப்பு’ என்று தலைப்பிட்டுத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். புகார் வந்த பிறகு அதையும் வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

உள்நோயாளி பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும். ‘பில் பாக்கி இருக்கிறது’ என்று நகலை மறுப்பதே தனி ஒழுங்கீனமாகிவிடும். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லாதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தாராவியில் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறதே, போதாதா?

கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘எனக்குப் புரியாத மொழியில் இருந்தது, போடச் சொன்ன இடத்தில் போட்டேன்’ என்று நோயாளி சொன்னால் உங்களிடம் என்ன பதில்? தமிழில் ஒரு படிவம் தட்டச்சு செய்து வைக்க ஒரு நாள் போதும். அதுவரை, இருக்கும் படிவத்திலேயே ‘தமிழில் விளக்கப்பட்டது’ என்று எழுதி, விளக்கியவர் பெயர், நேரம், கையெழுத்து, குடும்பத்தில் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். விளக்கியவர் நீங்களாகவே இருந்தால் இன்னும் நல்லது. வாசல் காவலரை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்.

படிவத்தில் உள்ளதைத் தாண்டியும் போகாதீர்கள். பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்கு வாங்கிய சம்மதம் கருப்பையை அகற்றுவதற்கு ஆகாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கினார்கள். செல்லாது என்றது நீதிமன்றம்.

ஒருவர் கூகுளில் என்னைக் ‘கொலைகாரன்’ என்று எழுதியிருக்கிறார். நடந்ததை அங்கேயே விவரமாக எழுதினால் என்ன? (முலுண்ட்)

அவருக்கு இல்லாத வழக்கை நீங்களே கையில் கொடுப்பீர்கள். சிகிச்சையில் தெரிந்துகொண்ட ரகசியத்தை வெளியிடுவதே ஒழுங்கீனம். நீதிமன்ற உத்தரவு, பிறருக்குக் கடும் ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய் என்று விதிவிலக்குகள் மிகச் சில. கூகுள் விமர்சனம் அதில் வராது. ‘இவருக்கு ஏற்கெனவே குடிப்பழக்கம்’ என்று நீங்கள் எழுதும் ஒரு வரி போதும். ‘உங்கள் குறையைக் கேட்க விரும்புகிறோம், கிளினிக்கைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்பதோடு நிறுத்துங்கள். அவர் நோயாளி என்பதைக்கூட உறுதி செய்யாதீர்கள். திரைப்பிடிப்பு எடுத்து வைத்து, அவதூறுக்கு வழி உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

நான் நெருலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெசிடெண்ட் டாக்டர். புகாரில் என் பெயரும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வக்கீலே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் போடுகிறேன் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

படிக்காமல் போடாதீர்கள். பதிவு எண் உங்களுடையது, ஆஸ்பத்திரியுடையது இல்லை. ‘கன்சல்டண்டுக்கு ரெசிடெண்ட் தகவல் சொல்லவில்லை’ என்ற ஒரு வரி அந்தக் கூட்டுப் பதிலில் எங்காவது இருந்தால், அது யாரைக் காக்க எழுதப்பட்டது என்று உங்களுக்கே புரியும். நீங்கள் கன்சல்டண்டை, அதாவது பொறுப்பிலிருக்கும் மூத்த டாக்டரை, எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பது கேஸ் பேப்பரில் இருந்தால் அதன் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் இருந்தால் அழைப்புப் பட்டியலை எடுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். உங்கள் நிலைப்பாடு அவர்களுடையதோடு ஒத்துப்போனால் கூட்டுப் பதில் சரி. ஒரு இடத்தில் முரண்பட்டாலும் தனி வக்கீல், தனிப் பதில். சீனியரிடம் இதை எப்படிச் சொல்வது என்ற சங்கடம் புரிகிறது. ‘இன்ஷூரன்ஸ் கம்பெனி தனியாகப் பதில் கேட்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. கம்பெனி உண்மையில் கேட்டிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வாக்குமூலத்துக்கு அழைக்கிறார்கள். கைது செய்வார்களா? (டோம்பிவிலி)

2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இது: குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, கடும் அலட்சியம் வேண்டும். போலீஸ் நடவடிக்கைக்கு முன் அதே துறையின் மருத்துவரிடம், முடிந்தவரை அரசு மருத்துவரிடம், பாரபட்சமற்ற கருத்துப் பெற வேண்டும். வழக்குப் பதிவானது என்பதற்காக மட்டும் டாக்டரைக் கைது செய்யக் கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு 5 ஆண்டு வரை சிறை என்றாலும், சிகிச்சை செய்யும் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதை 2 ஆண்டு வரை என்று வைத்திருக்கிறது.

வக்கீலோடு போங்கள். ஒரிஜினல் கேஸ் பேப்பரைக் கேட்டால் பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதி, பக்க எண்ணிக்கை குறித்து எடுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் முழு நகல் உங்களிடம் இருக்கட்டும். அங்கே சொல்வதும் கவுன்சிலுக்கு எழுதுவதும் நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றையும் மூன்று பேர் எழுதினால் இருக்காது.

புகார்தாரருக்குப் பணம் கொடுத்து வாபஸ் வாங்க வைத்தால் முடிந்ததா? (செம்பூர்)

கவுன்சிலுக்கு நஷ்டஈடு கொடுக்க வைக்கும் அதிகாரம் கிடையாது. எச்சரிப்பது, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது, அதோடு சரி. அங்கே வழக்கு உங்கள் நடத்தை பற்றியது என்பதால் வாபஸ் கடிதம் கவுன்சிலைக் கட்டாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் சமரசம் பேசினாலும், ‘என் தவறுதான்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பாலிசியே கை விரித்துவிடலாம். பாலிசியைப் பற்றி இன்னொன்று: இவை பெரும்பாலும் கோரிக்கை வரும் தேதியில் நடப்பில் இருக்க வேண்டியவை. ஆபரேஷன் நடந்த ஆண்டில் இருந்து, புகார் வரும் ஆண்டில் விட்டுப் போயிருந்தால் பயனில்லை. கம்பெனி மாற்றும்போது பழைய பின்தேதி (எந்த நாளிலிருந்து நடந்தவை பாலிசியில் அடங்கும் என்ற தேதி) தொடர்கிறதா என்று பாருங்கள். கவுன்சில் விசாரணைச் செலவு அடங்குமா என்பதையும் பாலிசித் தாளில் தேடுங்கள், எல்லாவற்றிலும் இருக்காது.

நாங்கள் நோயாளி தரப்பு. கவுன்சிலுக்கா, நுகர்வோர் ஆணையத்துக்கா? (சயான்)

பணம் வேண்டுமென்றால் ஆணையம். சாதாரணமாக 2 ஆண்டுக்குள் போக வேண்டும். டாக்டரின் நடத்தையை விசாரிக்க வேண்டுமென்றால் கவுன்சில். இரண்டுக்கும் போகத் தடையில்லை. ஆனால் மாநிலக் கவுன்சில் உங்கள் புகாரைத் தள்ளினால், 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையை டாக்டருக்கென்றே எழுதியிருக்கிறது. அது நியாயமில்லை என்பது எங்கள் கருத்தும்.

ஆறு மாதம் பெயர் நீக்கம் என்று உத்தரவு வந்துவிட்டது. மேல்முறையீடு செய்தால் அதுவரை பிராக்டிஸ் செய்யலாமா? (மாட்டுங்கா)

மேல்முறையீடு தாக்கலானதால் மட்டும் உத்தரவு நிற்காது. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை மற்றும் பதிவு வாரியத்திடம் முதல் மேல்முறையீடு. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள் என்று கணக்கு வையுங்கள். அதோடு தடை உத்தரவு கேட்டுத் தனி மனு போடுங்கள். அங்கும் தோற்றால் ஆணையத்திடமே இரண்டாவது மேல்முறையீடு, அதற்கும் 60 நாள். உங்களைக் கேட்காமலேயே முடிவெடுத்தார்கள் என்பது போன்ற குறை இருந்தால் பம்பாய் உயர் நீதிமன்றம் போகலாம். மற்றபடி ‘முதலில் மேல்முறையீடு செய்’ என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

தடை கிடைக்கும்வரை மருந்துச் சீட்டு, சான்றிதழ், ஆபரேஷன், போன் ஆலோசனை எதுவும் கூடாது. பதிவில் பெயரில்லாமல் தொழில் செய்தால் அந்த 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவில் 1 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வார்டில் இருப்பவர்களை வேறு டாக்டரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். உங்கள் பெயர் அச்சிட்ட சீட்டில் ஜூனியர் எழுதித் தருவதும் நிற்கட்டும். அடுத்த புகார் பெரும்பாலும் அந்தச் சீட்டிலிருந்துதான் வரும்.