ஏற்காடு கருத்தரங்குக்கு முன்பே விண்ணப்பம் போகட்டும்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஹார்ட் டிஸ்க் தட்டின்மேல் பூசும் கரிமப் பூச்சு கூடுதல் வெப்பத்தைத் தாங்கும்படி ஒரு முறையைக் கல்லூரி ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறேன். அடுத்த மாதம் ஏற்காட்டில் நடக்கும் கருத்தரங்கில் இதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப் போகிறேன். அதன் பிறகு ஹார்ட் டிஸ்க் நிறுவனங்களுக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். எப்படி அணுகுவது? இதை விற்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் 'அதன் பிறகு' என்ற சொல்தான் என்னைப் பதறவைத்தது. கட்டுரை வாசிப்பதற்கு முன்பே காப்புரிமை விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மேடையில் சொன்ன நொடியில் உங்கள் முறை ஊருக்குப் பொதுவாகிவிடுகிறது. சில வகைக் கட்டுரைகளுக்கு இந்தியச் சட்டம் 12 மாத விலக்கு தருகிறது. அமெரிக்காவும் ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. விலக்கை நம்பி மேடையேற வேண்டாம்.

உங்கள் துறையிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே ஒரே காந்த விளைவைக் கண்டார்கள். குரூன்பெர்க் தமது கட்டுரை அச்சாவதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். 1997இல் ஐபிஎம் அந்த விளைவை ஹார்ட் டிஸ்க்கின் வாசிப்பு முனையில் பயன்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007இல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. உரிமத் தொகையோ குரூன்பெர்க் பணியாற்றிய யூலிக் ஆய்வு மையத்துக்குச் சென்றது.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. முதலில் தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பின் முதல்நிலை விளக்கத்துடன், விண்ணப்பம் தாக்கல் செய்யுங்கள். தனிநபர் இணையவழியில் தாக்கல் செய்தால் கட்டணம் 1,600 ரூபாய். வழக்கறிஞர் செலவு தனி. தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கும் அதே கெடுதான். இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகும் முன், எழுத்துபூர்வ அனுமதியும் பெறாமல் வெளிநாட்டில் நேரடியாக விண்ணப்பித்தால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். அமெரிக்க நண்பர் ஒருவர் மூலம் அங்கே முதலில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆய்வு கல்லூரிக் கருவியில் நடந்திருக்கிறது. எனவே உரிமை யாருக்கு என்பதைக் கல்லூரி நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் பேசி முடியுங்கள். வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

விண்ணப்பத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பூசும் முறைக்கு மட்டும் உரிமை கோராதீர்கள். மூடிய ஆலைக்குள் எந்த முறையில் பூசுகிறார்கள் என்பதை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? பூசி முடித்த தட்டில், ராமன் நிறமாலையில் (பொருளில் பட்டுச் சிதறும் ஒளியை அலசும் சோதனையில்) தெரியக்கூடிய ஏதாவது அடையாளம் இருந்தால், அந்தப் பூச்சுக்கே உரிமை கோருங்கள். கடையில் ஒரு டிஸ்க்கை வாங்கிப் பிரித்துப் பார்த்தே மீறலைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். தட்டுகள் உருவாகும் நாடுகளையும் கவனியுங்கள், அங்கேயும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்: சீகேட் தட்டு தயாரிப்பது சிங்கப்பூரில். தட்டு செய்து விற்கும் ஜப்பானின் ரெசோனாக் நிறுவனத்துக்கு ஜப்பான், சிங்கப்பூர், தைவானில் ஆலைகள் உள்ளன.

இனி சந்தைக்கு வருவோம். உலகில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவர் மட்டுமே. வாங்குபவர் மூவர் என்றால் பேரம் பேசும் வலு உங்களிடம் குறைவு. ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் நடந்திருக்கிறது. 2024 ஜனவரியில் சீகேட், லேசரால் தட்டைச் சுட்டு எழுதும் 30 டெராபைட் டிஸ்க்கை அறிவித்தது. மற்ற இருவரும் அதே திசையில் நகர்கிறார்கள். எழுதும் புள்ளி நானோ நொடி நேரத்துக்கு 400 டிகிரிக்கு மேல் சூடாகிறது. காந்தப் படலத்தைக் காக்கும் கரிமப் பூச்சுக்கும், அதன்மேல் உள்ள ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் மசகுப் படலத்துக்கும் இது கடும் சோதனை. உங்கள் கண்டுபிடிப்பு வலிக்கிற இடத்தைத்தான் தொட்டிருக்கிறது.

ஆனாலும் 'வெப்பம் தாங்குகிறது' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் உங்களைச் சந்திக்கமாட்டார்கள். பூச்சு எவ்வளவு மெல்லியதாக இருந்துகொண்டு தாங்குகிறது? இன்றைய பூச்சு இரண்டு, மூன்று நானோமீட்டர்தான். உங்கள் பூச்சு பத்து நானோமீட்டர் என்றால், அது எத்தனை டிகிரி தாங்கினாலும் பயனில்லை. தட்டில் எழுதிப் படிக்கும் முனையான 'தலை', காந்தப் படலத்திலிருந்து விலக விலகப் பதிவின் அடர்த்தி குறைந்துவிடும்.

அடுத்தது வேகம். தட்டு ஆலையில் ஒவ்வொரு தட்டும் வெற்றிட அறைகளின் வரிசையில் நகர்கிறது. ஓர் அறையில் அதற்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும். உங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கு இருபது நிமிடம் பிடித்தால், அதைச் சில விநாடிகளாக்கும் வழியைக் காட்டும்வரை உங்களிடம் இருப்பது ஓர் அழகான ஆய்வுக் கட்டுரை மட்டுமே. கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். நல்ல முறைகள் இந்த இடத்தில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அளவீடுகளை வெளியாரிடம் செய்யுங்கள். அரிப்புச் சோதனைக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையம், வெளி ஆய்வாளர்கள் தன் கருவிகளைப் பயன்படுத்த ஒரு திட்டமே வைத்திருக்கிறது. அப்படியும் உங்கள் எண்ணை நிறுவனம் அப்படியே ஏற்காது. நம் மாவட்டத்தில் மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றிப் போகும் விவசாயி வயலில் என்ன கணக்குப் போட்டிருந்தாலும், ஜவ்வரிசி ஆலை தன் வாசலில் மாவுச்சத்துப் 'பாயின்ட்' பார்த்துத்தான் விலை சொல்லும். இங்கேயும் அப்படித்தான். அவர்களுடைய தட்டில், அவர்களுடைய தலையை ஓடவிட்டு, அவர்களே அளப்பார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, 'பூச்சில்லாத தட்டுகளைத் தாருங்கள், பூசித் திருப்பி அனுப்புகிறேன்' என்பதைத்தான்.

யாரிடம் கேட்பது? நான் முதலில் போகச் சொல்வது ரெசோனாக் போன்ற தட்டுத் தயாரிப்பாளரிடம். சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் தங்கள் தட்டுகளைத் தாங்களே செய்கிறார்கள். அவர்களுடைய பொறியாளர்கள் இதே சிக்கலில் ஊறியவர்கள், வெளியார் யோசனைக்கு எளிதில் இடம் தரமாட்டார்கள். தட்டு விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு, வாடிக்கையாளரிடம் காட்டப் புதிய மேன்மை தேவைப்படுகிறது.

முதல் கடிதத்தில் விளைவை மட்டும் எழுதுங்கள்: தடிமன், வெப்பம், தேய்மானம். செய்முறை ஒரு வரிகூட வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பலவும், கேட்காமல் வந்த யோசனையை இரகசியமாகக் காக்கும் பொறுப்பை ஏற்பதில்லை. இரகசிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் அதன் நடைமுறையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுங்கள். கன்வால்வ் என்ற சிறு நிறுவனம், டிஸ்க்கின் சத்தத்தைக் குறைக்கும் நுட்பம் தொடர்பாக சீகேட், காம்பாக் மீது 2000இல் வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தப்படி, வாய்மொழியாகச் சொன்ன இரகசியங்களை 20 நாளுக்குள் எழுத்தில் குறித்து அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்பதால், தொழில் இரகசியம் பற்றிய அதன் கோரிக்கையை 2013இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்று இரவே, பேசியதைச் சுருக்கி 'இரகசியம்' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.

விற்பதைவிட உரிமம் தருவதையே நான் பரிந்துரைப்பேன், அதுவும் ஒருவருக்கு மட்டுமென்று கட்டுப்படாமல். தட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். நான் சொன்ன 30 டெராபைட் டிஸ்க்கில் பத்துத் தட்டுகள் இருக்கின்றன. தட்டுக்குச் சில காசுகள் கிடைத்தாலே தொகை பெருகும். காலத்தையும் மனத்தில் வையுங்கள். காந்தப் பதிவுகளைத் தட்டில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி எழுதும் செங்குத்துப் பதிவு முறையை ஜப்பானின் இவாசாகி 1970களில் முன்வைத்தார். தோஷிபா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2005இல். காப்புரிமையின் ஆயுளோ 20 ஆண்டுகள். அதனால் ஒப்பந்தத்தில் உற்பத்தி தொடங்கிய பின் வரும் பங்கை மட்டும் எழுதாமல், கூட்டு ஆய்வு நடக்கும் ஆண்டுகளுக்கும் கட்டணம் கேளுங்கள். அந்த ஆண்டுகளில் உங்கள் பூச்சின்மேல் இருதரப்பும் செய்யும் மேம்பாடுகள் யாருக்குச் சொந்தம் என்ற பிரிவை வழக்கறிஞரை வைத்து இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.